எருமைக்கு என்சைம் பவுடர்: வெயிலுக்கா, மழைக்கா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் நாலு முர்ரா கலப்பு எருமைகள் இருக்கின்றன. மூன்று கறவையில், ஒன்று சினையில். கறவையில் உள்ள மூன்றும் போன புரட்டாசியில் முன்பின்னாக ஈன்றவை. தை வரைக்கும் ஒவ்வொன்றும் இரண்டு வேளை சேர்த்து எட்டு லிட்டர் கொடுத்தது. சித்திரை பிறந்ததிலிருந்து குறைந்து, இந்த வைகாசியில் ஐந்து லிட்டரில் நிற்கிறது. வைக்கோல், மூன்று கிலோ மாட்டுத் தீவனம், ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு, சாயங்காலம் ஒன்றரை கிலோ அரிசிக் கஞ்சி, இதுதான் ஒரு மாட்டுக்குப் போடுவது. தீவனக் கடைக்காரர் ஒரு என்சைம் பவுடர் கொடுத்தார். கிலோ 480 ரூபாய். மாட்டுக்கு 25 கிராம் என்றார். வெயில் காலத்துக்கு எவ்வளவு, மழைக்கு எவ்வளவு, பனிக்கு எவ்வளவு என்று அச்சடித்த சீட்டும் கொடுத்தார். கஞ்சியில் கலந்து பதினைந்து நாள் வைத்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும், போன கார்த்திகையில் இதே பவுடரைக் கொடுத்து ஒன்றரை லிட்டர் கூடியது என்கிறார். அது ஐப்பசி கடைசியில் பொய்கைச் சந்தையில் இளங்கன்றோடு வாங்கி வந்த மாடு. என் மாமியாரோ, "எருமைக்குப் பொடி எதுக்கு, புல்லைப் போடு" என்கிறார். இது வெயிலில் வேலை செய்யாதா? எந்த மாதங்களில் கொடுக்கலாம்? புண்ணாக்கைக் குறைத்துக்கொண்டு இதைக் கொடுக்கலாமா? ஆவணியில் ஈனப்போகிற சினை எருமைக்குக் கொடுத்தால் கன்றுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்காகத்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளப்போகிறது.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றும் புரட்டாசியில் ஈன்றவை என்று எழுதியிருக்கிறீர்கள். எருமை ஈன்று ஆறேழு வாரத்தில் பால் உச்சிக்குப் போகும். கொஞ்ச நாள் அங்கேயே நிற்கும், அப்புறம் மாதாமாதம் இறங்கும், பத்து மாதம் வாக்கில் வற்றிவிடும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், வைகாசி எட்டாவது மாதம். எட்டு லிட்டர் ஐந்தாக ஆனதில் பெரும்பங்கு ஈற்றுக் கணக்கு. அதற்கு மேல்தான் வெயிலின் பங்கு. அந்தக் கட்டத்தில் இருக்கிற மாட்டுக்கு எந்தப் பவுடரைக் கொடுத்து "ஏறவில்லையே" என்று பார்த்தாலும், இறங்குகிற மாட்டு வண்டியைப் பின்னாலிருந்து இழுக்கிற கதைதான்.

எதிர்வீட்டு மாட்டுக்கு நேர் எதிர். சந்தையில் பொழுதெல்லாம் நின்று, வேனில் ஏறி, புது ஊர், புதுக் கட்டுத்தறி, புதுக் கை. அப்படி வந்த எருமை முதல் பத்து நாள் பாலை முழுசாக விடாது, மடியிலேயே அடக்கி வைத்துக்கொள்ளும். பழகிய பிறகு விடும். கூடவே அது ஈன்று உச்சியை நோக்கி ஏறுகிற நேரம். மழை பெய்து வரப்பெல்லாம் பச்சை. வெயிலும் இல்லை. அந்தக் கார்த்திகையில் வெறும் தண்ணீரைத் தெளித்திருந்தாலும் ஒன்றரை லிட்டர் கூடியிருக்கலாம். ஏறுகிற மாட்டின் மேல் பவுடர் ஓசியில் சவாரி செய்திருக்கிறது. அக்காவிடம் இதை இப்படியே சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அதற்காகப் பவுடரே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அது என்ன செய்யும் என்று தெரிந்தால் எப்போது கொடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எருமையின் முதல் வயிறு, நாங்கள் ரூமன் என்று சொல்வது, நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கிற ஒரு பெரிய பானை. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலில் உள்ள நாரை உடைப்பது எருமை இல்லை, அந்த நுண்ணுயிர்கள்தான். அவை சுரக்கிற செல்லுலேஸ், சைலனேஸ் என்கிற நொதிகள், அதாவது என்சைம்கள்தான் நாரை வெட்டுகிற கத்தி. பாக்கெட்டில் இருப்பதும் அதே ஜாதிக் கத்திதான். டிரைகோடெர்மா, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கிறார்கள். ஆக, எருமை வயிற்றில் இல்லாத எதையும் நாம் புதிதாகக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஆயிரம் பேர் அறுப்பு அறுக்கிற வயலுக்கு இன்னும் நாலு அரிவாளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வேலை மலைபோல் குவிந்திருந்தால் அந்த நாலு அரிவாள் உதவும். ஆளே வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது அரிவாளைக் கொடுத்து என்ன பயன்?

இன்னொன்று. வைக்கோலில் நாரோடு லிக்னின் என்று ஒரு மரத்தன்மையான பொருள் பின்னிக்கிடக்கிறது. இந்தப் பவுடர் அதைத் தொடாது. அதனால்தான் இந்த நொதிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் சிலவற்றில் பால் கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. தீவனம், அளவு, மாட்டின் கறவைக் காலம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதும் இல்லை. ஒரு மட்டத்துக்கு மேல் போட்டால் பலன் குறைந்த ஆய்வுகளும் உண்டு.

இப்போது உங்கள் கஞ்சிக்கு வருவோம். எந்த அரிசிக் கஞ்சி என்று நான் கேட்கப் போவதில்லை. எவ்வளவு சூட்டில் கலந்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவரை, அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி பறக்கப் பறக்க அன்னக்கூடையில் ஊற்றி, தவிடு, புண்ணாக்கு, மருந்து எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக் கட்டையால் கிண்டிவிடுவார்கள். மாடு குடிக்கும்போது ஆறியிருக்கும், ஆனால் கலக்கும்போது கொதிநிலைக்குப் பக்கம். என்சைம் என்பது ஒரு புரதம். 80 டிகிரியைத் தாண்டினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகிச் செத்த பொருளாகிவிடும். கொதிக்கிற பாலில் உறை மோர் ஊற்றினால் தயிர் தோயாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அப்படிச் சூட்டில் கலந்திருந்தால் பதினைந்து நாளில் மூன்று மாட்டுக்கும் சேர்த்து 540 ரூபாய் கஞ்சியில் போய்விட்டது.

கஞ்சிக்கு இன்னொரு குற்றமும் உண்டு. வேகவைத்த அரிசி மாவுச்சத்து. ரூமனில் அது சட்டென்று புளித்து அமிலமாகும். நாரை உடைக்கிற நுண்ணுயிர்களுக்கு அமிலம் ஆகாது. அமிலத்தை அளக்கிற பி.ஹெச். எண் 6-க்குக் கீழே இறங்கினால், அதாவது அமிலம் கூடினால், அவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பொங்கல் முடிந்த மறுநாளும், முகூர்த்த நாளுக்கு மறுநாளும் மாட்டு ஆஸ்பத்திரியில் வயிறு உப்பி, தலையைத் தொங்கப்போட்டு வரும் மாடுகள் எல்லாம் மிச்சச் சோற்றை வயிறு முட்டத் தின்றவைதான். உங்கள் ஒன்றரை கிலோ அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் ஒரே வேளையில் அவ்வளவும் வேண்டாம். பத்து நாளில் படிப்படியாக அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்துக்குத் தவிடோ, உளுந்துப் பொட்டோ, துவரம் பொட்டோ போடுங்கள்.

சரி, பருவங்களுக்கு வருகிறேன். அந்தச் சீட்டை அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு இவ்வளவு கிராம், மழைக்கு இவ்வளவு கிராம் என்று ஒரு கணக்கும் கிடையாது. பருவம் மாறும்போது மாறுவது பவுடரின் அளவு இல்லை. மாட்டின் பாலைப் பிடித்து இழுக்கிறது எது என்பதுதான் மாறுகிறது.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. எருமைக்கு அது வேறு கணக்கு. கறுப்புத் தோல் வெயிலை உறிஞ்சும். வியர்வைச் சுரப்பிகளோ பசுவை விட மிகக் குறைவு. உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்குத் தெரிந்த முக்கியமான வழி தண்ணீரில் போய்ப் படுப்பது. பாலாறு மணலாகக் கிடக்கிறது, ஏரிகள் சித்திரையிலேயே வெடித்துவிடுகின்றன. படுக்க இடமில்லாத எருமை என்ன செய்யும்? தின்பதைக் குறைக்கும். நார் செரிக்கும்போது வயிற்றில் சூடு பிறக்கும், அந்தச் சூட்டையும் தாங்க முடியாததால் வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும். அந்த எச்சிலில்தான் ரூமனின் அமிலத்தைச் சமன் செய்கிற சோடா இருக்கிறது. அது தரையில் ஒழுகிப் போய்விட்டால் உள்ளே அமிலம் கூடும். மேலே சொன்ன கஞ்சியும் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. தொட்டியில் தின்னாமல் கிடக்கிற வைக்கோலை எந்த என்சைமும் செரிக்கவைக்காது.

அதனால் வைகாசியில் முதல் ரூபாய் தண்ணீருக்கு. கறவை எருமை இந்த வெயிலில் ஒரு நாளைக்கு 70 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். காலையும் மாலையும் வாளியில் காட்டுவது போதாது. நிழலில் ஒரு தொட்டி, எப்போதும் தண்ணீரோடு இருக்க வேண்டும். பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி என்று மூன்று தடவை உடம்பு முழுக்க நனைத்துவிடுங்கள். மோட்டார் போட்டவுடன் கறுப்பு ஹோஸ் பைப்பில் முதலில் வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெந்நீர் மாதிரி இருக்கும். அதைக் கீழே ஓடவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு மாட்டின் மேல் பிடியுங்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பிவிடுங்கள். வைக்கோலின் பெரும்பகுதியை இரவு ஏழு மணிக்கு மேலும் விடியற்காலையிலும் போடுங்கள். தீவனத்தில் நாளைக்கு 50 கிராம் ஆப்ப சோடாவைக் கலந்துவிடுங்கள், ஒழுகிப்போன எச்சிலுக்கு அது ஈடு. கல் உப்பு 30 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் வைக்கோல் தின்கிற மாட்டுக்குத் தாது உப்பு கட்டாயம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தயாரிக்கிற தாது உப்புக் கலவையும் கிடைக்கிறது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குத் தொலைவு இல்லை, போகும்போது அங்கே விசாரித்துப் பாருங்கள்.

வெயில் காலத்தில் பச்சை இல்லாமல் வெறும் வைக்கோலில் ஓட்டுகிறவர்களுக்கு என்சைமை விட மலிவான ஒரு வழி உண்டு. யூரியா வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து அழுத்தி, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். 21 நாள் கழித்துப் பிரித்தால் மூக்கைத் துளைக்கிற நெடி வரும். வேண்டியதை எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் போட வேண்டும். அந்த நெடிதான் வேலை செய்கிற அம்மோனியா. லிக்னின் பின்னலைத் தளர்த்துவது அதுதான், பவுடரால் முடியாத வேலை. மூன்று, நான்கு சதவீதம் புரதம் இருந்த வைக்கோல் ஏழு சதவீதத்துக்கு வந்துவிடும். யூரியா செலவு நூறு கிலோவுக்கு முப்பது ரூபாயைத் தாண்டாது. ஒரே ஒரு எச்சரிக்கை: யூரியாவைக் குடிதண்ணீரிலோ கஞ்சியிலோ ஒருக்காலும் கலக்கக் கூடாது, கரைத்த வாளியை மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவும் கூடாது. மாடு செத்துவிடும். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட கன்றுகளுக்கும் அந்த வைக்கோல் வேண்டாம்.

மழைக்காலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கிடைப்பது இளம்புல், அதில் தண்ணீர்தான் அதிகம், நார் குறைவு. என்சைமுக்கு அங்கே வேலை குறைவு. சாணம் கூழ் மாதிரி போகும், சொசைட்டியில் கொழுப்பும் குறைத்துக் காட்டுவார்கள். புல்லோடு இரண்டு மூன்று கிலோ காய்ந்த வைக்கோல் கண்டிப்பாகப் போட்டால் சரியாகும். அப்போதைய எதிரி பூஞ்சணம். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை வைக்கோல் மழையில் நனைந்து, மெஷின் கட்டிய ரோலின் உள்ளே கறுத்துப்போய் வரும். ரோலை வாங்கும்போது வெளியே பார்த்தால் போதாது, நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேண்டாம். கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான், ஈரம் பட்டால் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு பிடிக்கும், அது பாலிலும் இறங்கும். அதற்கு என்சைம் மருந்து இல்லை. அந்த மாதம் பவுடருக்கு வைத்த பணத்தில் ஒரு தார்ப்பாய் வாங்குங்கள். மழைக்கு முன்னால் தொண்டை அடைப்பான் ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

பவுடருக்கு நல்ல காலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது கார்த்திகையிலிருந்து மாசி வரை. காரணம் பனி இல்லை. எருமைகள் பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில்தான் பருவத்துக்கு வந்து சினைபிடிக்கும், வெயிலில் வெளியே அறிகுறி தெரியாத ஊமைப் பருவம்தான். சினைக்காலம் பத்து மாதத்துக்கு மேல், சுமார் 310 நாள். அதனால் பெரும்பாலானவை ஆவணியிலிருந்து மார்கழிக்குள் ஈன்றுவிடும். பனிக்காலம் வரும்போது அவை கறவையின் மேட்டில் நிற்கும். பசி வெறியாக இருக்கும், நிறையத் தின்னும். நிறையத் தின்கிறபோது தீவனம் வயிற்றில் தங்குகிற நேரம் குறைந்து, பாதி செரித்த நார் அப்படியே பின்னால் போய்விடும். அறுப்பு மலைபோல் குவிந்த வயல் என்றேனே, அது இதுதான். இந்த நேரத்தில் நம்மிடம் மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி இருக்கும், ஆலைக்கு வெட்டுகிற கரும்பின் கொழுந்தாடை இருக்கும், தையில் சம்பா வைக்கோலும் வந்துவிடும். வேலை செய்யத் தக்க நாரும் உண்டு, வேலை செய்யும் உடம்பும் உண்டு. ஈன்று பத்துப் பதினைந்து நாளிலிருந்து மூன்று மாதம் வரை கொடுத்துப் பார்க்கலாம். பங்குனியில் ஈன்ற எருமையாக இருந்தால் இதே கணக்கு பங்குனியிலிருந்து, வெயிலைத் தணித்துக்கொண்டு.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். செலவே இல்லை. காலையில் போட்ட புதுச் சாணத்தில் இரண்டு கைப்பிடி எடுத்து, மாவு சலிக்கிற பழைய சல்லடையில் போட்டு, குழாயடியில் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவுங்கள். மிச்சம் தங்குவதை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பொடிப்பொடியாக, அரை அங்குலத்துக்குக் கீழே உள்ள துணுக்குகள் என்றால் செரிமானம் நன்றாக இருக்கிறது, பவுடர் பெரிதாக எதுவும் செய்யாது. வைக்கோல் துண்டு துண்டாக, நீள நீளமாகப் பளபளப்போடு கிடந்தால் நார் செரிக்காமல் போகிறது. படுத்திருக்கும்போது அசை போடுகிறதா என்றும் கவனியுங்கள், ஒரு உருண்டைக்கு ஐம்பது அறுபது தடவையாவது மெல்ல வேண்டும்.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு வீட்டில், என்சைம், டானிக், கல்லீரல் மருந்து எல்லாம் கொடுத்துவிட்டுப் பால் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். டானிக் பாட்டில்களைத் திண்ணையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், கல்யாணச் சீர் மாதிரி. சாணத்தைக் கழுவினேன். சல்லடை நிறையச் சோளம், முழுசு முழுசாக. பெரியவர் சோளத்தை உடைக்காமல், இரவு ஊறவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஊறினால் போதும் என்று நினைத்திருக்கிறார். மில்லில் கொடுத்து ஒன்றிரண்டாக உடைத்து வாங்கச் சொன்னேன். அவ்வளவுதான் என் வைத்தியம். சல்லடையைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பாட்டி, "இதைக் கோழிக்குப் போட்டிருந்தா முட்டையாவது வெச்சிருக்கும்" என்றார்.

கோழி என்றதும் ஞாபகம் வருகிறது. பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். செல்லுலேஸ், சைலனேஸ் இரண்டும் கிராமுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்க வேண்டும். ஃபைட்டேஸ், புரோட்டியேஸ், அமைலேஸ் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது கோழித் தீவனத்துக்கான சரக்கு. ஃபைட்டேஸ் கோழிக்கு உண்மையிலேயே தேவை, அதன் வயிற்றில் அது போதுமான அளவு சுரப்பதில்லை. எருமையின் ரூமனில் நுண்ணுயிர்களே அதைத் தாராளமாகச் செய்துகொள்ளும். சில பாக்கெட்டில் ஈஸ்ட்டும் கலந்திருக்கும். அது என்சைம் இல்லை, உயிருள்ள நுண்ணுயிர், அதன் வேலை வேறு. தயாரித்த தேதியையும் பாருங்கள். தகரக் கூரை குடோனில் ஒரு கத்திரியைக் கழித்த பாக்கெட் என்றால் வீரியம் அங்கேயே குறைந்திருக்கும்.

கலக்குகிற முறை இது. ஒரு மாட்டுக்குரிய அளவை ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் கரைத்து, மறுநாள் காலை போடப்போகிற காய்ந்த வைக்கோலில் முதல் நாள் இரவே பூவாளியால் தெளித்துப் புரட்டிவிடுங்கள். நாரில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால்தான் ரூமனில் கொஞ்ச நேரமாவது தாங்கும். நேரமில்லை என்றால் உலர்ந்த தீவனத்தில் கலக்கலாம். பொடியைக் காற்றில் தூற்றவோ, முகர்ந்து பார்க்கவோ வேண்டாம். என்சைம் தூள் நுரையீரலுக்குப் போனால் சிலருக்கு இருமலும் இளைப்பும் வரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அவர்கள் கையால் கலக்கவே வேண்டாம். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கரைத்துவிடுங்கள்.

புண்ணாக்கைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. புண்ணாக்கு புரதம், என்சைம் வெறும் கத்தி. கத்தியைத் தின்று யாருக்கும் வயிறு நிறையாது. சினை எருமைக்கு இதனால் கெடுதல் இல்லை, கன்றுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் இப்போது தேவையும் இல்லை. கடைசி இரண்டு மாதம் அதற்கு வேண்டியது நல்ல பச்சை, தாது உப்பு, கூடுதலாக ஒன்றரை கிலோ தீவனம்.

இப்போது கணக்கு. 25 கிராம் 12 ரூபாய். நீங்கள் பால் விலையை எழுதவில்லை, லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் கால் லிட்டர் கூடினால் முதலுக்கு முதல், அதற்கு மேல்தான் லாபம். கால் லிட்டர் என்பதோ கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடிய அளவு இல்லை. கன்று ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக ஊட்டிவிட்டாலே போய்விடும். நுரையோடு அளந்தால் இன்னும் மோசம். அதனால் கன்றுக்கு விடுகிற காம்பையும் நேரத்தையும் மாற்றாமல், நுரை அடங்கிய பிறகு, ஒரே படியால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். பத்து நாள் பவுடர் இல்லாமல், அப்புறம் 21 நாள் பவுடரோடு, அப்புறம் மறுபடி பத்து நாள் இல்லாமல். வயிறு பழகவே இரண்டு வாரம் ஆகும், ஆகவே நடுவில் கடைசி ஏழு நாள் சராசரியை மட்டும் எடுங்கள். முன்னால் பத்து நாள் சராசரியையும் பின்னால் பத்து நாள் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதோடு ஒப்பிடுங்கள். பால் இயல்பாக இறங்குகிற மாடாக இருந்தாலும் இந்தக் கணக்கு ஓரளவு நியாயமாக இருக்கும். அந்த 41 நாளும் வேறு தீவனத்தை மாற்றக் கூடாது. ஈன்ற புதிதில் பால் தானாக ஏறும், அதனால் ஏறி நின்ற பிறகு, அதாவது எட்டாவது வாரத்துக்கு மேல் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாக்கெட்டில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும், 15 நாளைக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும்தானே போயிருக்கும். அந்த மூன்று எருமைக்கும் இப்போதே நிறுத்திவிடுங்கள். பாக்கெட் வாயை இறுகக் கட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கொட்டகையில் இல்லாமல் வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வையுங்கள். தேதி தாண்டவில்லை என்றால் ஆவணியில் ஈனப்போகிறவளுக்கு அது போதும். அவள் ஈன்று, நஞ்சுக்கொடி விழுந்து, வயிறார வைக்கோல் தின்ன ஆரம்பித்ததும் முதலில் சல்லடையை எடுங்கள். சாணத்தில் நீள நார் தெரிந்தால் ஐப்பசியில் நோட்டைத் திறக்கலாம். பொடிப்பொடியாக இருந்தால், மாமியார் சொன்னபடி புல்.